பழைய மடிக்கணினியில் வீட்டுக்கென்று ஒரு படக்கொட்டகை

பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியோடு தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், நுழையும்போது, அலமாரிக்கு மேலே கிடக்கிற மடிக்கணினியையும் தூக்கிப் போட்டுவிடலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள் பழசு என்ற ஒரே காரணத்துக்காக ஓரமாகக் கிடக்கின்றன. அதில் ஒன்று, ஒரு ஹார்ட் டிஸ்க், காசு கேட்காத மென்பொருள் இரண்டு மூன்று, ஒரு சனிக்கிழமை. இவ்வளவு இருந்தால் வீட்டுக்கென்று ஒரு படக்கொட்டகை கட்டிவிடலாம்.

படம் பார்க்கத்தான் இப்போது ஆயிரம் வழி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நான் சினிமாவைச் சொல்லவில்லை. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த வீடுகளில் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னோ அட்டைப்பெட்டியோ இருக்கும், அதற்குள் கல்யாணக் கேசட், சடங்கு விசிடி, தைப்பூசத்துக்கு எடுத்தது, தாத்தா பஜனை பாடியதைப் பதிந்த ஒலிநாடா என்று என்னென்னவோ கிடக்கும். எங்கள் அக்கா கல்யாணக் கேசட்டில், பந்தலிலிருந்து கேமரா திரும்புகிற ஒரு நிமிடத்தில், லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், முழுவதும் தெரிகிறது. தண்ணீர்க் குழாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கோயில் வளைவு, திடலுக்குப் போகிற செம்மண் பாதை. இன்று அங்கே செம்பனைதான் நிற்கிறது. அந்த லயத்தை யாரும் தனியாகப் படம் எடுத்து வைக்கவில்லை, கல்யாணத்தை எடுக்க வந்தவரின் கேமராவுக்குப் பின்னணியாக நின்றதோடு சரி. இந்த வழிகாட்டி அந்தக் கேசட்டுகளுக்காக எழுதியது.

எந்தக் கணினி ஆகும்

2012-க்குப் பிறகு வந்த பெரும்பாலான மடிக்கணினிகள் போதும். நினைவகம் 4 ஜிபி இருந்தால் நிம்மதி. திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, நிறுவுகிற அன்று மட்டும் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துக்கொள்ளலாம். விசைப்பலகையில் நாலு எழுத்து வேலை செய்யவில்லையா, யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகுங்கள். மேசைக் கணினியைவிட மடிக்கணினியை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: சும்மா இருக்கும்போது அது இழுப்பது 10-இலிருந்து 20 வாட்தான். 15 வாட் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்கு 11 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மின்சாரம் ஐந்து நிமிடம் போனால் பேட்டரி தாங்கும்.

ஆனால் பேட்டரியைக் கட்டாயம் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, மேசையில் வைத்தால் கணினி ஆடினாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள், நாள் முழுக்க ஓடப்போகிற பெட்டியில் உப்பிய பேட்டரி இருக்கவே கூடாது. கழற்றத் தெரியாவிட்டால் பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள், கூரான எதையும் வைத்து நெம்ப வேண்டாம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு கணக்கு. ஈ-180 என்று போட்ட கேசட் மூன்று மணி நேரம் ஓடும். நல்ல தரத்தில் மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.7 ஜிபி, அப்படியானால் ஒரு கேசட் 8 ஜிபி. நாற்பது கேசட் இருந்தாலும் 320 ஜிபிதான். ஆக, இன்னொரு பழைய கணினியிலிருந்து கழற்றிய 500 ஜிபி டிஸ்க்கே போதும், அதற்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கினால் ஆயிற்று.

நிறுவுதல்

இந்தப் பகுதி பார்க்கத்தான் பயமுறுத்தும், உண்மையில் எளிது. வின்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம் லினக்ஸ் மிண்ட். அதன் தளத்தில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள், அது பழைய கணினிக்கு இலேசானது. எட்சர் என்ற மென்பொருளால் அதைப் பென்டிரைவில் எழுதி, மடிக்கணினியை அதிலிருந்து தொடங்கி, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினியில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், அதனால் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள். நிறுவிய பிறகு மின் மேலாண்மை அமைப்புக்குள் போய், மூடியைச் சாத்தினால் கணினி தூங்காமல் திரை மட்டும் அணையும்படி மாற்றுங்கள். இதை மறந்தால் மூடியைச் சாத்தியதும் கொட்டகையும் மூடிக்கொள்ளும்.

அடுத்து ஜெல்லிஃபின். இந்தக் கணினியில் இருக்கிற படங்களை வீட்டிலுள்ள டிவிக்கும் கைப்பேசிக்கும் அனுப்பி ஓட்டுகிற மென்பொருள், இதுதான் முழு ஏற்பாட்டின் இதயம். இதே வேலையைச் செய்கிற எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலை யாரும் பார்க்க முடியாதபடி மூடியபோது, 2018 டிசம்பரில் அதன் திறந்த பதிப்பிலிருந்து தன்னார்வலர்கள் பிரித்தெடுத்து வளர்த்தது இது. சந்தா இல்லை, விளம்பரம் இல்லை, உங்கள் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வெளியே யாருக்கும் சொல்லாது. அதன் தளத்தில் உபுண்டு, டெபியன் பகுதியில் ஒரே ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. அதை நகலெடுத்து, டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒட்டி, கடவுச்சொல் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் அதே கணினியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8096 (localhost:8096) என்ற முகவரியை, ஆங்கில எழுத்தில்தான், அடித்தால் வரவேற்புப் பக்கம் வரும். மொழியில் தமிழும் இருக்கிறது. அம்மா அப்பா பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் அதையே தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் மற்ற கருவிகள் இந்தக் கணினியைக் கண்டுபிடிக்க அதன் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தக் கணினிக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள், 192.168.0.20 என்பது போல. கைப்பேசியில் அந்த முகவரியோடு 8096 சேர்த்து அடித்தால் போதும். இணையம் இல்லாத நாளிலும் இது ஓடும், ஏனென்றால் படம் உங்கள் வீட்டு ரூட்டரைத் தாண்டி எங்கும் போவதில்லை. எங்கள் பக்கம் மழை நாளில் லைன் போய்விட்டால் எல்லாரும் கைப்பேசியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், இப்போது அந்த நேரத்தில்தான் பழைய கேசட் ஓடுகிறது.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில் இரண்டு இரவுகளைத் தொலைத்தேன். ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன், கோப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன, திறந்தால் ஓடுகின்றன. ஆனால் ஜெல்லிஃபினுக்குள் போய் அந்தக் கோப்புறையைக் காட்டினால் அது காலி என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை மாற்றிப் பார்த்தேன், அதுவும் அப்படியே.

காரணம் இதுதான். லினக்ஸில் ஜெல்லிஃபின் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று ஒரு தனிப் பயனர் பெயரில் ஓடுகிறது. யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகியதும் கணினி அதை மீடியா என்ற இடத்தில் உங்கள் பெயருக்குக் கீழே வைக்கிறது, அந்த அறைக்குச் சாவி உங்களிடம் மட்டும்தான். ஜெல்லிஃபின் வாசலில் நிற்கிறது, உள்ளே வர முடியவில்லை. ஆகவே டிஸ்க்கைப் பொது இடத்துக்கு மாற்ற வேண்டும். டிஸ்க்ஸ் என்ற செயலி மிண்டில் இருக்கிறது. அதைத் திறந்து, உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கரப் பொத்தானில் இணைப்பு விருப்பங்களைத் திருத்தும் பகுதிக்குப் போங்கள். தானியங்கி அமைப்பை அணைத்துவிட்டு, கணினி தொடங்கும்போதே இணைக்கச் சொல்லி, இடத்தை எம்என்டி (/mnt) என்ற கோப்புறைக்குள் ஒரு புதுப் பெயரில் கொடுங்கள். கணினியை ஒரு முறை அணைத்து எழுப்புங்கள். பிறகு அந்தக் கோப்புறையை வலது சொடுக்கி, அனுமதிகளில் மற்றவர்களும் படிக்கலாம் என்று வைத்தால் வேலை முடிந்தது.

டிஸ்க் பழையது என்பதால் இதே செயலியில் அதன் ஸ்மார்ட் தகவலையும், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பையும், பார்த்துவிடுங்கள். கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் நம்பலாம். எண்ணிக்கை இருந்து, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் எதையும் ஒப்படைக்க வேண்டாம்.

கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவருவது

கணினியை அமைப்பது ஒரு நாள் வேலை. கேசட்டை மாற்றுவது மாதக்கணக்கான வேலை, ஏனென்றால் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது. அதனால் எது முக்கியமோ அதிலிருந்து தொடங்குங்கள், அதில் இருப்பவர்களுக்கு எத்தனை வயது என்று பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். அப்படி இருந்தால் அதை ஓட்டாதீர்கள். நாடா அறுந்துபோகலாம், அந்தப் பூஞ்சணம் கருவியின் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியாக ஒரு பையில் போட்டு வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். நல்ல கேசட்டாக இருந்தால் ஒரு முறை கடைசிவரை ஓடவிட்டு, திருப்பிச் சுற்றிய பிறகு தொடங்குங்கள், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் இளகும். விசிஆர் கருவி சொந்தத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கட்டாயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள், வாங்க வேண்டியதில்லை.

விசிஆரிலிருந்து கணினிக்கு ஒரு யூஎஸ்பி பதிவுக் கருவி வேண்டும், ஈசிகேப் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். எஸ்டிகே1160 என்ற சில்லு உள்ளதாக இருந்தால் லினக்ஸ் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். மஞ்சள் கேபிள் படம், வெள்ளையும் சிவப்பும் ஒலி. பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, அதுவும் திறந்த மூலம்தான், அதாவது மூலநிரலை யாரும் பார்க்கலாம். அதில் கவனிக்க வேண்டியவை சில. நம் நாட்டுக் கேசட்டுகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் பதிந்தவை, அதனால் படமுறை பால் என்று இருக்க வேண்டும், தவறாக வைத்தால் படம் உருளும், இல்லையென்றால் கறுப்பு வெள்ளையாக வரும். படத்தின் அளவு 768-க்கு 576, நொடிக்கு 50 சட்டம் (ஃபிரேம்). மூலத்தை வலது சொடுக்கி டீஇன்டர்லேசிங்கில் யாடிஃப் 2எக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் நடக்கும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். ஒலியைத் தனி மூலமாகச் சேர்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிட்டு மூன்று மணி நேர ஊமைப் படத்தைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நிமிடத்தைப் பதிந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் முழுதாகத் தொடங்குங்கள்.

இன்னொன்று, கோப்பு வகையை எம்கேவி என்றே வையுங்கள். சாதாரண எம்பி4-ஆக வைத்தால், இரண்டே முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் போனால் முழுக் கோப்பும் திறக்காமல் போய்விடும். எம்கேவியில் அதுவரை பதிந்தது பிழைக்கும். படத்தை எச்264 முறையில் பதிந்தால் டிவி, கைப்பேசி எல்லாமே அப்படியே ஓட்டும், பழைய கணினி ஒவ்வொரு முறையும் உருமாற்றித் தர வேண்டியிருக்காது.

விசிடி வேறு கதை. தட்டுக்குள் இருக்கிற டேட் (.DAT) கோப்பை லினக்ஸில் நேராக நகலெடுத்தால் உள்ளீட்டுப் பிழை என்று வரும், தட்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விசிடியில் படம் எழுதிய முறை சாதாரண சிடியைப் போன்றதல்ல, அதனால்தான். மிண்டின் மென்பொருள் நிலையத்தில் விசிடிஇமேஜர் என்று தேடி நிறுவினால், அதிலுள்ள விசிடிஎக்ஸ்ரிப் படத்தைச் சரியாக எடுத்துத் தரும். படம் 352-க்கு 288 அளவில்தான் இருக்கும், பெரிய டிவியில் மங்கலாகத் தெரியும், அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கல்யாண டிவிடிகளில் பூட்டு இருக்காது, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் திறந்தால் துண்டு துண்டாக இருக்கும் கோப்புகளை ஒன்றாக்கிக் கொடுக்கும். கீறல் விழுந்த தட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள், ஒரு இரவு முழுக்க ஓடவிட்டாலும் சலிக்காமல் படிக்க முயலும். ஒலிநாடாவுக்கு, டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கேபிள், மென்பொருள் ஆடாசிட்டி, கோப்பு வகை, ஒலித் தரம் குறையாத ஃபிளாக்.

அடுக்கி வைப்பது

ஜெல்லிஃபினில் புது நூலகம் சேர்க்கும்போது வகை கேட்கும். உங்கள் பதிவுகளுக்குத் திரைப்படம் என்று கொடுக்காதீர்கள், வீட்டு வீடியோவும் படங்களும் என்ற வகையைக் கொடுங்கள். திரைப்படம் என்று கொடுத்தால் அக்கா கல்யாணத்தை இணையத்தில் தேடிப்போய், பெயர் ஒத்துப்போன ஏதோ ஒரு சினிமாவின் சுவரொட்டியை எடுத்துவந்து ஒட்டிவிடும். கோப்புப் பெயரை ஆண்டில் தொடங்குங்கள், அடுத்து நிகழ்ச்சி, அடுத்து இடம். அப்போது தானாகவே காலவரிசையில் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய சினிமா தட்டுகள் இருந்தால் அவற்றுக்குத் தனி நூலகம் வையுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

டிவியில் பார்க்க, ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் ஜெல்லிஃபின் செயலியை நிறுவி முகவரியைக் கொடுத்தால் போதும். பழைய எல்சிடி டிவி என்றால் மடிக்கணினியை அதன் பக்கத்திலேயே வைத்து எச்டிஎம்ஐயில் இணைத்து, கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள், எக்ஸ்பாக்ஸ் கருவிக்காகத் தொடங்கி 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்த அதே மென்பொருள்தான்.

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டுமா? ரூட்டரில் 8096 கதவைத் திறந்து வைக்காதீர்கள், வெளியே இருந்து யார் யாரோ தட்டிப் பார்ப்பார்கள். வயர்கார்டு என்ற முறையில், இணையத்தின் வழியே உங்கள் வீட்டார் மட்டும் வந்துபோகிற ஒரு தனிப்பாதை (விபிஎன்) போடுங்கள். அது கடினமாகத் தெரிந்தால் அதன்மேல் கட்டிய டெய்ல்ஸ்கேல் எளிது. கருவிகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும் அதன் வழிகாட்டும் சேவையகம் திறந்த மூலம் அல்ல, அது உறுத்தினால் அந்த வேலையைச் செய்ய ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது.

இடியும் இரண்டாவது நகலும்

மதிய மழையோடு வந்த ஒரு இடியில் எங்கள் ரூட்டரும் கணினியின் லேன் துளையும் ஒரே நேரத்தில் போயின. மின்கம்பியை மட்டும் பிடுங்கியிருந்தேன், ரூட்டரிலிருந்து வந்த லேன் கேபிளை விட்டுவிட்டேன். வானம் கறுத்தால் இரண்டையும் பிடுங்குங்கள். வைஃபையில் ஓட்டினால் இந்தப் பயம் பாதி குறையும், கேசட்டிலிருந்து வந்த படத்துக்கு வைஃபை வேகமே தாராளம்.

அன்று டிஸ்க் பிழைத்தது. பிழைக்காமல் போயிருக்கலாம். அதனால் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி, மாதம் ஒரு முறை கிரிஸிங்க் என்ற செயலியால் எல்லாவற்றையும் நகலெடுத்து, அதை ஈப்போவில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு நகல் இருந்தால் வெள்ளமோ திருட்டோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். மாற்றி முடித்த பிறகும் பழைய கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசி வேலைக்குக் கணினி அறிவே வேண்டாம், ஆனால் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை நிறுத்தி நிறுத்தி, யார் இவர், எந்த லயம், யாருக்கு என்ன முறை என்று கேட்டு எழுதுவது. ஜெல்லிஃபினுக்குள்ளும் எழுதலாம், ஆனால் அது அந்தக் கணினியோடு போய்விடக்கூடும். ஒரு சாதாரண உரைக்கோப்பில், வீடியோவின் அதே பெயரில், அதே கோப்புறையில் எழுதி வையுங்கள், எந்தக் காலத்திலும் எந்தக் கணினியிலும் திறக்கும். அக்கா கல்யாணத்துக்கு நாங்கள் எழுதியதில் இதுவரை மூன்று பக்கம் ஆகிவிட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில், குழாயடியில் நீலச் சட்டையோடு நின்று கேமராவைப் பார்த்துக் கை காட்டுகிறவர் யார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. மூன்றாவது லயத்தில் இருந்த தண்டலின் மருமகனாக இருக்கும், பந்திங்கில் இருக்கிற சின்னம்மாவுக்குத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி நேற்று சின்னம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன்.